புதன்கிழமை அடங்காத விசிறி

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தேர்வு வாரியத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேராசிரியர் நின்றுகொண்டுதான் பேசினார். பேசி முடித்த பிறகும் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய மருத்துவ நுழைவுத் தேர்வின் உயிரியல் வினாத்தாள் மாணவர்களின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. கணினித் திரையை அப்படியே படம் பிடித்திருந்தார்கள். வாரியம் அனுப்பிய படத்தைப் பார்த்தார். திரையின் இடது மூலையில் ஒரு சிறு கீறல். அவருடைய மாடி அறையில், அவருடைய மேசைமேல் இருக்கும் மடிக்கணினியில் அதே இடத்தில் அதே கீறல் உண்டு.

அவருடைய அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். அந்தக் காலத்தில், "இவர் வீட்டுக் கேள்வித்தாள் அச்சகத்து எலிக்குக்கூடத் தெரியாது" என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சை வீட்டுச் சொத்துபோல் காப்பாற்றி வந்தவர் பேராசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் வாரியம் அவரைத் தேடி வந்தது அந்தப் பெயருக்காகத்தான். இன்று அந்தப் பெயர் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் அவரைத் தவிர இரண்டு பேர். கூடப் பிறந்த தம்பி. தன் மனைவி இறந்தபின் மூன்று வருடமாக இங்கேதான் வாசம். அடுத்தது மருமகள். மகன் கப்பலில் பொறியாளன், கரைக்கு வர இன்னும் மாதங்கள் ஆகும். மருமகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு இணையவழியில் பாடம் நடத்துகிறாள். அதுவும் உயிரியல். அதுவும் இதே தேர்வுக்கு.

பேராசிரியரின் மனம் ஏழு மணி ஒரு நிமிடத்துக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. தம்பி ரத்தம். அவள் வந்தவள்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நடுவயதுப் பெண். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியேறும்போதே கேள்வியை ஆரம்பித்தார்.

"ரூமுக்குச் சாவி?"

"ஒண்ணுதான். பகல்ல சட்டைப் பையில, ராத்திரி தலையணைக்கு அடியில."

"பாஸ்வேர்டு?"

"என் தலைக்குள்ள."

"இன்டர்நெட்?"

"அந்த வாசலே இதுக்குக் கிடையாது. வாரியத்து மெக்கானிக் அதை அடைச்சுட்டுத்தான் குடுத்தார்."

"யாராவது ராத்திரி மாற்றுச் சாவி போட்டு வந்து, இதைப் போட்டுப் பார்த்திருக்கலாமே சார்?"

பேராசிரியர் அன்று முதல்முறையாகச் சற்று நிமிர்ந்தார். "இதைத் திருட்டுத்தனமாப் போட முடியாதும்மா. போட்டா மாவு மில் மாதிரி கத்தும். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். இந்த வீட்டுக்கு நாயே வேண்டாம், இது போதும்."

பொத்தானை அழுத்திக் காட்டினார். திரை விழித்தது. கடவுச்சொல்லை அடித்தார். சற்று நேரத்தில் பெட்டிக்குள் விசிறி முனகி, பிறகு சீறி, பிறகு பேய்க்காற்றாகப் பிடித்துக்கொண்டது. பழக்கத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கால்கள் இரண்டடி வாசல் பக்கம் நகர்ந்தன. இன்ஸ்பெக்டர் நிற்பது நினைவுக்கு வந்து நின்றுகொண்டார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"வந்த நாள்லேருந்து. என்ன கோளாறுன்னு மெக்கானிக்கையே கேட்டேன். கோளாறு இல்லையாம். முழிச்ச உடனே உள்ளே இருக்கற காவல் புரோகிராம் ஒவ்வொரு ஃபைலாத் தொட்டுப் பார்க்குமாம், எல்லா வேலையும் ஒரே நேரத்துல வரிசை கட்டி நிக்குமாம். மூளை சூடாகுது, விசிறி சுத்துது, வேலை முடிஞ்சா தானா அடங்கும்னார். பஞ்சு மெத்தைமேல, துணிமேல மட்டும் வைக்காதீங்க, அடியில காத்துப் போற வழி அடைஞ்சா சூடு இறங்காது, கத்திக்கிட்டே இருக்கும்னும் சொன்னார்."

அன்று அந்த மெக்கானிக்குக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த தம்பி, பச்சை வெல்வெட் முதுகுத் தலையணையைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "அப்ப இதுவும் எங்க அண்ணன் ஜாதிதான். எழுந்ததும் ஒரு மூச்சு கத்தணும், அப்புறம்தான் மனுஷன்" என்று சொன்னதும் பேராசிரியருக்கு நினைவு வந்தது. முதுகுவலிக்காரனுக்கு வாய் மட்டும் வலிப்பதே இல்லை. இன்ஸ்பெக்டரிடம் அந்தக் கேலியை அவர் சொல்லவில்லை.

ஒரு குவளை காப்பி குடிக்கும் நேரம் கழிந்தது. விசிறி இறங்கியது, அறை அமைதியானது.

இன்ஸ்பெக்டர் பெட்டியை அணைக்கச் சொல்லி, அதைத் தலைகீழாகப் புரட்டினார். அடியில் வரிவரியாக இருந்த காற்றுத் துளைகளைக் கொண்டை ஊசியால் கிளறினார். ஏதோ பிசிறு வந்தது. கைக்குட்டையில் மடித்துக்கொண்டார்.

"தூசு" என்றார் பேராசிரியர்.

"இருக்கட்டும் சார். வெளியே போன படத்தைப் பார்த்தீங்களே, அது எந்த நாள் கேள்வித்தாள்?"

அதை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். செவ்வாய் மாலை அவர் சேர்த்த வினா அதில் இருந்தது. புதன் மதியம் அவர் திருத்திய பிழை அதில் திருத்தப்படாமல் இருந்தது.

"அப்ப செவ்வாய் சாயங்காலத்துக்கும் புதன் மதியத்துக்கும் நடுவுல. ராத்திரி போட்டிருந்தா வீடே எழுந்திருக்கும். மிச்சம் புதன் காலை. நீங்க என்ன பண்ணீங்க அன்னைக்கு?"

"வழக்கம்போலத்தான். கதவைத் திறந்தேன், போட்டேன், அது அடங்கினதும் உட்கார்ந்து வேலை பார்த்தேன். மதியம் நானே பூட்டினேன்."

"நடுவுல யாரும் வரல?"

"நான் இருக்கறப்ப இந்த அறைக்குள்ள யாரும் வரமாட்டாங்க." குரலில் எஃகு இருந்தது. "இன்ஸ்பெக்டர், ஒண்ணு சொல்றேன். எங்க ரத்தத்துல இப்படி ஒரு ஆள் கிடையாது. இந்த வீட்டுல டியூஷன் எடுக்கறது யாருன்னு நீங்களே விசாரிச்சுக்குங்க."

சொல்லி முடித்ததும் நாக்கு கசந்தது. ஆனாலும் சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மணி ஒன்பது. கூடத்தில் மருமகள் வந்து நின்றாள். பேராசிரியர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்; அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் சல்லடையில் போட்டார்.

"புதன்கிழமை காலையில எங்க இருந்தீங்க?"

"இதே இடத்துல, வகுப்புல. அன்னைக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மாடியில அந்த லேப்டாப் கத்தின கத்துல பசங்க, 'டீச்சர், உங்க மொட்டைமாடியில ஏரோப்ளேன் இறங்குதா'ன்னு கேட்டு ஒரே கூத்து."

"தினமும் கத்துமே?"

"தினமும் கத்தும், அடங்கிடும். அன்னைக்கு அடங்கவே இல்ல. பாதிப் பாடம் முடிஞ்சுடுச்சு. மாமாகிட்ட சொல்லலாம்னு இந்த வாசப்படி வரைக்கும் எழுந்து வந்தேன். மாமா வராந்தாவுல பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தார். எதுக்கு வம்புன்னு திரும்பிட்டேன். நான் கேமராவை விட்டு ரெண்டு நிமிஷம் நகர்ந்தா பசங்க கச்சேரி வச்சுடுவாங்க."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். "சார், நீங்க வராந்தாவுலயா இருந்தீங்க?"

பேராசிரியருக்கு இந்தக் கேள்வி புரியவே சற்று நேரம் பிடித்தது. "ஆமா. அந்தச் சத்தத்துல யார் உட்காருவா? போட்டுட்டு, பாஸ்வேர்டு அடிச்சுட்டுக் கீழே வந்துடுவேன். சத்தம் நின்னதும் மேலே போவேன். தினமும் அப்படித்தான்."

"இதை ஏன் மாடியில கேட்டப்ப சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"கதவு?"

"என் வீடும்மா இது. ஒரு காப்பி குடிக்கற நேரத்துக்கு யாரைப் பார்த்து நான் பூட்டணும்?"

அந்தக் கேள்வி கூடத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. அவர் காதிலேயே திரும்பி வந்து விழுந்தது.

இன்ஸ்பெக்டர் மருமகளிடம் திரும்பினார். "உங்க பசங்களைத் தவிர, தெரிஞ்சவங்க யாராவது இந்தப் பரீட்சை எழுதறாங்களா?"

"எங்க வீட்டுல யாரும் இல்ல. சொந்தக்காரங்க எழுதினா மாமா கேள்வித்தாளே எடுக்க முடியாதே. சின்ன மாமா பையன்தான் முன்னே ரெண்டு தடவை எழுதினான். இப்ப ஹாஸ்டல்ல தங்கி பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறான். போன வாரம்கூட போன் பண்ணி, சிறுநீரகம் எப்படி வடிகட்டுதுன்னு கேட்டான். 'ஏண்டா, பேங்க்ல அதையுமா வடிகட்டுவாங்க'ன்னு கிண்டல் பண்ணினேன். பாவம், சிரிச்சுட்டு வச்சுட்டான்."

பாடம் நடத்துகிறவள், படம் பிடிக்கத் தெரிந்தவள், கதவு திறந்திருப்பதை அறிந்தவள். பேராசிரியர் மனத்துக்குள் இன்னொரு முடிச்சுப் போட்டார். நாற்பது பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற முடிச்சு மட்டும் அவிழாமல் இடித்தது.

அடுத்து தம்பி. சிரித்த முகமாகவே வந்தார். மர நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை நெளிந்தார்.

"கேளுங்கம்மா. என்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல, வயித்தைத் தவிர."

"உங்க ரூம் எங்க?"

"மாடியில. அண்ணன் ரூமுக்கு அடுத்த சுவர்."

"புதன் காலையில?"

"முதுகுக்குப் பயிற்சி பண்ணிக்கிட்டு இருந்தேன். தரையில மல்லாக்கப் படுத்தா ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டேன்."

"லேப்டாப் சத்தம் கேட்டுதா?"

"கேட்காம? அண்ணன் போட்டார், கொஞ்ச நேரம் கத்துச்சு, வழக்கம்போல அடங்கிடுச்சு. அதுல என்ன புதுசு?"

"வழக்கம்போல?"

"வழக்கம்போல. நூல் பிசகல."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். மருமகளைக் கூப்பிட்டு, "ஒரு சின்ன சோதனை பண்ணிப் பார்க்கணும். மெத்துனு ஏதாவது இருக்கா? தட்டையா, குஷன் மாதிரி?" என்றார்.

மருமகள் யோசிக்கவே இல்லை. "சின்ன மாமாவோட முதுகுத் தலையணை இருக்கே. பச்சைக் கலர். அது இல்லாம அவர் உட்காரவே மாட்டாரே. எங்க சின்ன மாமா, இன்னைக்கு வெறும் நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க?"

தம்பியின் நெளிசல் நின்றது. "அது தொலைஞ்சு போச்சும்மா."

"வீட்டுக்குள்ள எப்படி சின்ன மாமா தொலையும்?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை விரித்து மேசைமேல் வைத்தார். அதில் கிடந்தது ஒரு சிட்டிகை வெல்வெட் பிசிறு. பச்சை.

பேராசிரியர் தம்பியைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, தெளிவான குரலில், "அது என் சால்வையோடது" என்றார்.

"பச்சைச் சால்வையா சார்?"

"ஆமா."

"கொண்டுவரச் சொல்லுங்களேன்."

"அது... அதுவும் தொலைஞ்சு போச்சு."

"இந்த வீட்டுல பச்சையா இருக்கறதெல்லாம் தொலைஞ்சு போகுமா சார்?"

பேராசிரியரின் முதுகு வளையவில்லை. "கதவைத் திறந்து போட்டது நான். கவனக்குறைவு என்னுது. என் பேரை எழுதிக்குங்க. இதோட முடிச்சுக்குங்க."

இன்ஸ்பெக்டர் முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முடிக்கலாம் சார். முதல்ல அந்தச் சத்தத்தை முடிப்போம். என் ஸ்டேஷன்ல ஒரு கிழட்டு லேப்டாப் இருக்கு, அதோட வாழ்ந்தே எனக்கு இதெல்லாம் அத்துப்படி. போட்டதும் கத்தறது நோய் இல்ல. கத்திட்டு அடங்காம இருந்தாத்தான் கேள்வி. ஒண்ணு, வேலை கூடியிருக்கணும். இதுல இன்டர்நெட் இல்ல, புதுசா எதுவும் உள்ளே வரல. அதே ஃபைலு, அதே வேலை. ரெண்டு, தூசு அடைச்சிருக்கணும். தூசுன்னா வியாழனும் கத்தியிருக்கணும். வியாழக்கிழமை கத்துச்சா?"

"இல்ல. வழக்கம்போல அடங்கிடுச்சு" என்றாள் மருமகள்.

"இன்னைக்கும் என் முன்னாடி அடங்கிடுச்சு. ஆக, புதன் ஒரு நாள் மட்டும், அடியில இருக்கற துளை வழியாக் காத்து போகல. மேசைமேல இருந்த பெட்டியை யாரோ தூக்கி மெத்துனு ஒண்ணுமேல வச்சிருக்காங்க. ஏன் வைக்கணும்?"

தம்பி சிரிக்க முயன்றார். "மடியில சூடு பட்டிருக்கும்."

"படம் எடுக்க வந்தவங்க எடுத்துட்டு ஓடவேண்டியதுதானே? ஓட முடியாது. போட்ட உடனே அந்தப் பெட்டி ஆமை. ஃபைலைத் திறந்தா ஒவ்வொரு பக்கமும் கெஞ்சிக் கெஞ்சி வரும். காவல் வேலை முடிஞ்சாத்தான் வேகமா வரும். ஆனா அது முடிஞ்சா சத்தம் நிக்கும், சத்தம் நின்னா சார் மேலே வருவார். சார் அந்தச் சத்தத்தைத் தன் காவல்நாய்னு நெனச்சார். ஆனா அது திருடனுக்குத்தான் காவல் காத்துச்சு. அது குரைக்கற வரைக்கும் சார் வரமாட்டார்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அதனால அதை நிறுத்தாம குரைக்க வைக்கணும். அதுக்கு ஒரு தலையணை போதும்."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மறுபடி மடித்தார்.

"வேலை முடிஞ்சது, தலையணையை எடுத்தாச்சு. அடியில பிசிறு ஒட்டியிருக்கலாம்ங்கற பயத்துல தலையணையையும் ஒழிச்சாச்சு. ஆனா காதுல விழுந்ததை ஒழிக்க முடியல. கூடத்துல இருந்தவங்களுக்கு அன்னைக்கு ஏரோப்ளேன் இறங்கிச்சு. நாப்பது பசங்களுக்குக் கேட்டுச்சு. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவருக்கு மட்டும் வழக்கம்போல அடங்கிடுச்சு." இன்ஸ்பெக்டர் தம்பியை நேராகப் பார்த்தார். "தப்பு பண்ணாதவருக்கு அந்தச் சத்தத்தைச் சின்னதாக்க வேண்டிய அவசியம் என்ன? பேங்க் பரீட்சைக்குச் சிறுநீரகம் படிக்கிற பையன் உங்க பையன்தானே?"

தம்பி தரையைப் பார்த்தார்.

"இல்ல" என்றார் பேராசிரியர். "நான்தான் சொல்றேனே. என் பேரை எழுதுங்க."

"எழுதறேன் சார். வாரியம் உங்களை வீட்டுக்கு அனுப்பும். அதுக்கப்புறம் ஊர் கேட்கும், கதவு திறந்திருந்துச்சு சரி, படம் எடுத்தது யாருன்னு. வீட்டுல மிச்சம் ரெண்டு பேர். உங்க தம்பியை யாரும் சொல்லமாட்டாங்க. யாரைச் சொல்வாங்க?"

பேராசிரியர் மருமகளைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரைச் சொல்வார்கள் என்பதற்கு ஊர் வரை போக வேண்டியதில்லை. காலை ஏழு மணியிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தது அவர் மனம்தான்.

"மாமா, நீங்க என்னைத்தான் நெனச்சீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். கோபமில்லாமல் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"மூணாவது தடவை, அண்ணா" என்றார் தம்பி. குரலில் கேலி வற்றியிருந்தது. "அவன் எழுதறான்னு சொன்னா நீ கேள்வித்தாளை விட்டுடுவ. அதான் பேங்க்னு சொல்லி வச்சேன். அவன் ஒருத்தனுக்குன்னுதான் எடுத்தேன். யாருக்கும் காட்டமாட்டேன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினான். ஹாஸ்டல்ல நாலு பேருக்கு அனுப்பியிருக்கான் பாவி."

"அவனா பாவி?"

"அண்ணா, நீ ஒரு வார்த்தை சொல்லு. உன் பேருக்கு வாரியத்துல மதிப்பு இருக்கு. நீ சொன்னா விட்டுடுவாங்க."

"நான் சொன்னா விட்டுடுவாங்கன்னுதான் நான் சொல்லப்போறதில்ல."

அவர் தொலைபேசியை எடுத்தார். வாரியத் தலைவரை அழைத்தார். காலையில் பேசியதுபோலவே நின்றுகொண்டு பேசினார். "படம் எடுத்தது என் தம்பி. எழுதறது என் தம்பி மகன். கதவைத் திறந்து போட்டது நான். மூணையும் எழுதிக்குங்க. இந்தத் தேர்வை நிறுத்துங்க. புதுக் கேள்வித்தாள் வேற யாராவது எடுக்கட்டும்." எதிர்முனையில் ஏதோ ஆறுதல் சொன்னார்கள் போலும். "தேவையில்லை" என்று வைத்துவிட்டார்.

பிறகு மருமகளிடம் வந்தார். "காலையில இன்ஸ்பெக்டர்கிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன்" என்றார். "அது பொய். பொய்னு தெரியாம சொன்னதால அது உண்மையாயிடாது. என் பையன் போன் பண்ணும்போது நீ இதையும் சேர்த்து அவன்கிட்ட சொல்லணும். மறைக்கக் கூடாது."

"நீங்களே சொல்லுங்க மாமா" என்றாள் அவள்.

அவர் தலையசைத்தார்.

வெளியே தெருவில் ஜீப் நின்றதைப் பார்த்து அக்கம்பக்கத்துச் சன்னல்களில் தலைகள் முளைத்திருந்தன. பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுச் சங்கிலியைச் சரிசெய்வதுபோல் குனிந்திருந்தார், சங்கிலிக்கு ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில், "சார், கொல்லைப்பக்கம் ஒரு கதவு இருக்கு பார்த்தேன். வண்டியை அங்க கொண்டுவரச் சொல்றேன். யாரும் பார்க்கமாட்டாங்க" என்றார்.

தம்பி நன்றியோடு அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார்.

"நில்லுடா" என்றார் பேராசிரியர். "திருடன் வந்தா கொல்லை வழியாப் போகட்டும். நீ இந்த வீட்டுப் பிள்ளை."

முன்வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்தார். தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். சின்ன வயதில் பள்ளிக்கு அழைத்துப் போனதுபோல அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எல்லாச் சன்னல்களும் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் படியிறங்கி ஜீப்பை நோக்கி நடந்தார்கள்.